பட்டறைக் கேள்வி பதில்: பெல்ட்டைக் கிழிக்கலாம், ஒட்டலாமா?

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல சேண்டிங் பெல்ட் (மெஷின்ல சுத்திக்கிட்டே மரம் தேய்க்கற உப்புத்தாள் வளையம்) பத்தித்தான் இருக்கு. புதுசு வாங்கற செலவை மிச்சம் பிடிக்கணும், மூலைல சேர்ந்து கிடக்கற பழசை எதுக்காவது உபயோகப்படுத்தணும், இதுதான் எல்லாருக்கும் பிரச்சனை போல. அதனால மத்ததெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு பெல்ட்டை மட்டும் எடுத்துக்கறேன், வார்னிஷ்ல கொப்புளம் வருதுன்னு எழுதினவர் கொஞ்சம் மன்னிக்கணும், அடுத்த இதழ்ல கண்டிப்பா உண்டு.

கேள்வி: சார், என்கிட்ட 6 இன்ச் அகலம் 48 இன்ச் நீளம் பெல்ட் நாலு இருக்கு, எல்லாம் 80 நம்பர் சொரசொரப்பு, அதைப் போடற மெஷினை வித்துட்டேன். இப்ப இருக்கறது 2 இன்ச்சுக்கு 48 போடற சின்ன மெஷின். நீளம் ஒண்ணுதானே, அகலத்தை மட்டும் மூணா கிழிச்சுப் போட்டா தப்பா? கத்தியில வெட்டிப் பார்த்தேன், ரெண்டு கத்தி மொக்கையானதுதான் மிச்சம்.

பதில்: தாராளமா கிழிக்கலாம், நானே வருஷக்கணக்கா பண்றதுதான். ஒரு பெல்ட்டுக்கு மூணு வீதம் 12 பெல்ட் உங்களுக்கு. கத்தி மொக்கையானது ஏன்னா நீங்க மண் பக்கத்துல, அதாவது சொரசொரன்னு மரம் தேய்க்கற பக்கத்துல வச்சு வெட்டியிருப்பீங்க. அந்த மண்ணு அலுமினியம் ஆக்சைடு, கத்தி இரும்பைவிட ரொம்ப கெட்டி, அதுமேல கத்தி வச்சா கத்தியைத்தான் அது தேய்க்கும். எப்பவும் பின்பக்கம், அதாவது துணி தெரியற பக்கம்தான் வெட்டணும்.

ஆனா முழுசா வெட்டவே தேவையில்ல. துணி பெல்ட்ல பாவு நூல் பூரா நீளவாக்குல ஓடும், இழுவிசையை அந்த நூல்தான் தாங்குது. அதனால வேட்டி துண்டு கிழிக்கற மாதிரி நீளவாக்குல பிடிச்சு இழுத்தா ஒரே நூலைப் பிடிச்சுக்கிட்டு நேரா கிழிஞ்சு வரும், ஸ்கேல் வச்சு வெட்டினாகூட அவ்வளவு நேர் வராது. குறுக்குவாக்குல கிழிக்க முயற்சி பண்ணிப் பாருங்க, வளைஞ்சு வளைஞ்சு எங்கயோ போகும்.

கவனிக்க வேண்டிய எடம் ஒண்ணுதான், ஜாயின்ட். ஜாயின்ட்டுக்குப் பின்னாடி ஒரு டேப் ஒட்டியிருப்பாங்க பாருங்க, சாய்வா போகும். கிழிச்சுக்கிட்டே போய் அந்த டேப் வந்ததும் விடாம இழுத்தீங்கன்னா டேப் கிழியாது, அது துணியில இருந்து உரிஞ்சு தூக்கும், வெளிய பார்த்தா தெரியாது, மெஷின்ல போட்டு ஓட்டும்போதுதான் தெரியும். அதனால நான் எப்பவும் ஜாயின்ட்ல இருந்துதான் ஆரம்பிப்பேன். பெல்ட்டைத் திருப்பி துணிப்பக்கம் மேல வர்ற மாதிரி பலகைல படுக்கப்போட்டு, எந்த அளவு வேணுமோ அங்க பென்சில்ல கோடு போட்டு, டேப்புக்கு ரெண்டு பக்கமும் ஒரு 5 சென்டிமீட்டர் தாண்டற வரைக்கும் ஸ்டீல் ஸ்கேல் வச்சு புது பிளேடால ரெண்டு மூணு தடவை கீறி முழுசா வெட்டிடுவேன். அப்புறம் அந்த வெட்டுல இருந்து கையால கிழிச்சுக்கிட்டே சுத்தி வந்தா வெட்டோட இன்னொரு முனைல வந்து சேரணும். சில பெல்ட்ல நூல் ஓரத்துக்கு சரியான இணையா இருக்காது, அப்ப ஒண்ணு ரெண்டு மில்லி தள்ளி வந்து நிக்கும், அந்த எடத்துல பழைய கத்திரிக்கோலால (வீட்டுக் கத்திரிக்கோலை எடுத்துடாதீங்க, அனுபவத்துல சொல்றேன்) மெதுவா சரி பண்ணிக்கலாம்.

கிழிச்ச ஓரத்துல நூல் நூலா தொங்கும். பிடிச்சு இழுத்தா அது உருவிக்கிட்டே போகும், பாவு நூல் ஒண்ணு போச்சுன்னா அதுகூட இருந்த மண்ணும் போகும், இழுக்காம ஒட்ட நறுக்கி விடுங்க. மெஷின்ல போட்டதும் ஒரு கெட்டி மரத்துண்டோட முனையை ஓரத்துல லேசா காட்டினா மிச்ச பிசிறும் போயிடும். கிழிக்கும்போது மண்ணு தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கோங்க.

இதெல்லாம் துணி பெல்ட்டுக்கு. பேப்பர்ல செஞ்ச பெல்ட்னா கிழிக்கவே கூடாது, தாள் எங்க வேணாலும் போகும், பின்பக்கம் வச்சு முழுக்க வெட்டித்தான் ஆகணும். துணிலயும் ஜே, எக்ஸ், ஒய்னு ரகம் உண்டு, பின்னாடி அச்சடிச்சிருப்பாங்க சில பெல்ட்ல. ஜே ரொம்ப மெல்லிசு, வளையும், சுலபமா கிழியும். எக்ஸ் தடிப்பு, கொஞ்சம் கை பலம் வேணும். ஒய்ங்கறது பாலியஸ்டர், அதைக் கையால கிழிக்கப் போனா கைதான் கிழியும்.

கேள்வி: அண்ணே வணக்கம். ஆஃபர்ல கிடைச்சுதேன்னு 3 இன்ச்சுக்கு 24 பெல்ட் ஒரு கட்டு வாங்கிட்டேன், வீட்டுக்கு வந்து பார்த்தா என் கை பெல்ட் சேண்டர் 3க்கு 21. மூணு இன்ச்சை நறுக்கிட்டு ஜாயின்ட் பண்ணிக்கலாமா? வீடியோல சூப்பர் க்ளூ போட்டு துணி டேப் ஒட்டி ஓட்டறாங்க, நல்லாத்தான் ஓடுது.

பதில்: வேணாம் தம்பி. அகலத்தை எவ்வளவு வேணா குறைங்க, நீளத்துல கை வைக்காதீங்க. அகலத்தைக் குறைக்கும்போது கம்பெனி போட்ட ஜாயின்ட் அப்படியே இருக்கு, அதுல ஒரு பங்கை எடுத்துக்கறோம் அவ்வளவுதான். நீளத்தைக் குறைக்கறதுன்னா அந்த ஜாயின்ட்டை எடுத்துட்டு நம்ம கையால புதுசா ஒண்ணு போடறோம், பெல்ட்ல பலம் கம்மியான எடமே அதுதான், அதைப் போய் நாம சமையக்கட்டு மேடைல வச்சு ஒட்டறோம்.

நானும் ஒட்டியிருக்கேன். மெஷின் வாங்கின புதுசுல, ஞாயித்துக்கிழமை, கடை இல்ல, வேலை நிக்குது, இதே சூப்பர் க்ளூ, இதே துணி டேப். ஒரு பத்து நிமிஷம் அருமையா ஓடுச்சு, பரவால்லயே நம்ம மூளைன்னு நினைச்சுக்கிட்டேன். பதினோராவது நிமிஷம் பட்டுனு ஒரு சத்தம், முழங்கைக்குக் கீழ சாட்டையால அடிச்ச மாதிரி ஒரு கோடு, மேல் சட்டை கை கிழிஞ்சிருக்கு. முகத்துக்கு நேரா குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு அப்புறம் யோசிச்சுப் பார்த்தப்பதான் கை நடுங்குச்சு.

ஏன் பிய்யுதுன்னா, பெல்ட் ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவை ரோலர்ல வளைஞ்சு நிமிருது. சூப்பர் க்ளூ காஞ்சா கண்ணாடி மாதிரி, வளையாது, விரிசல் விடும். துணி டேப்போட பசை சூட்டுல இளகி நழுவும், தேய்க்கும்போது சூடு வரத்தானே செய்யும், அதனால சும்மா ஓட்டிப் பார்க்கும்போது நிக்கும், மரத்தை வச்சு அழுத்தினாத்தான் கழண்டுக்கும். வீடியோல காட்டறது அந்த முதல் பத்து நிமிஷம்.

வேகம் என்னன்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. ரோலர் விட்டத்தை மீட்டர்ல எடுத்து 3.14 ஆல பெருக்கி, நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கறதால பெருக்கினா போதும். 100 மில்லி ரோலர் 2880 சுத்து சுத்தற ஒரு மேஜை மெஷின்னா நிமிஷத்துக்கு சுமார் 905 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். கை மெஷின்ல இதைவிட கம்மியாத்தான் இருக்கும், ஆனா அது உங்க கைலயே இருக்கு.

கம்பெனில எப்படிப் பண்றாங்கன்னு தெரிஞ்சா வீட்ல பண்ணத் தோணாது. ரெண்டு முனையையும் ஒரே சாய்வுல வெட்டி, டேப் உக்கார்ற எடத்துல பின்பக்கத் துணியை மெலிசா சீவி, பாலியூரித்தேன் பசை தடவி, உள்ள நூல் ஓடற பாலியஸ்டர் ஃபிலிம் டேப் வச்சு, சூடும் அழுத்தமும் குடுக்கற பிரஸ்ல வச்சு அழுத்தறாங்க. சீவறது எதுக்குன்னா டேப் வச்சபிறகும் தடிமன் ஏறக்கூடாது. ஏறினா ஒவ்வொரு சுத்துக்கும் ஜாயின்ட் அடில இருக்கற பிளேட்டைத் தாண்டும்போது ஒரு தட்டு தட்டும், மரத்துல சம இடைவெளில கோடு கோடா விழும்.

உங்க 24 இன்ச் பெல்ட்டை என்ன பண்றதுன்னா, முதல்ல கடைல மாத்திக் கேளுங்க, கட்டு பிரிக்காம இருந்தா குடுப்பாங்க. மாத்தலன்னா அந்த சைஸ் மெஷின் வச்சிருக்கற யார்கிட்டயாவது தள்ளிடுங்க. அதுவும் இல்லன்னா ஜாயின்ட் பக்கத்துல வெட்டிப் பிரிச்சா 610 மில்லி நீளத்துக்கு நல்ல கெட்டியான உப்புத்தாள், நேரான பலகைல ஒட்டி கைத்தேய்ப்புக்கு வச்சுக்கலாம், புது உப்புத்தாள்கூட அவ்வளவு உழைக்காது. நிறைய பெல்ட் வேணும், கடைல கிடைக்காத சைஸ்னா உருளைல இருந்து வெட்டி ஜாயின்ட் போட்டு பெல்ட் செஞ்சு குடுக்கறவங்க இருக்காங்க, நீளம் அகலம் நம்பர் எந்த மெஷினுக்குன்னு சொன்னா போதும், ஒண்ணு ரெண்டுக்கு செய்ய மாட்டாங்க, மொத்தமா எடுக்கணும்.

கேள்வி: அப்படி ஆர்டர் குடுக்கறப்ப நீளத்தை எப்படி அளக்கறது? பழைய பெல்ட் இல்ல, மெஷின் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, ரெண்டு ரோலர் மட்டும்தான் இருக்கு.

பதில்: டென்ஷன் குடுக்கற ரோலரை அதோட ஓட்டத்துல பாதில நிறுத்துங்க. ரெண்டு அச்சுக்கும் நடுவுல உள்ள தூரத்தை ரெண்டால பெருக்குங்க, ரெண்டு ரோலர் விட்டத்தையும் கூட்டி 1.57 ஆல பெருக்கி அதோட சேருங்க. உதாரணமா அச்சு தூரம் 450 மில்லி, ரோலர் ரெண்டும் 100 மில்லின்னா 900ம் 314ம் சேர்த்து 1214. 48 இன்ச்சுங்கறது 1219, அப்ப உங்க மெஷின் 48 இன்ச் பெல்ட்தான், மிச்ச 5 மில்லியை டென்ஷன் பார்த்துக்கும். ஒரு ரோலர் ரொம்ப பெரிசு இன்னொண்ணு ரொம்ப சின்னதுன்னா இந்தக் கணக்கு கொஞ்சம் இடிக்கும், அப்ப நீளாத நூல் ஒண்ணை சுத்திப் போட்டு அளந்துடறது நல்லது. எனக்கு எப்பவுமே நூல்தான்.

கேள்வி: 2 இன்ச் பெல்ட்டை 6 இன்ச் மெஷின்ல போட்டு ஓட்டலாமா, நீளம் ஒண்ணுதான்.

பதில்: கூடாது. 6 இன்ச் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கற ஸ்பிரிங் அதே பலத்தோட 2 இன்ச் பெல்ட்டை இழுக்கும், அப்ப ஒவ்வொரு இன்ச்சுக்கும் மூணு மடங்கு இழுவிசை, ஜாயின்ட் எத்தனை நாள் தாங்கும். அதோட பக்கத்துல ரோலர் வெறுமனே சுத்திக்கிட்டு இருக்கும், பெல்ட் கொஞ்சம் நகர்ந்தா வேலைத்துண்டு அதுல போய் விழும்.

கேள்வி: ஐயா, தேக்கும் பைனும் தேய்ச்சு பெல்ட் பூரா பிசின் அப்பி வழவழன்னு ஆயிடுச்சு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சேன், கொஞ்சம் போச்சு, ஆனா பழைய மாதிரி வெட்டல. பெட்ரோல்ல ஊறப்போட்டா சுத்தமாகும்னு ஒருத்தர் சொல்றார். செய்யலாமா?

பதில்: பெட்ரோலை மறந்துடுங்க ஐயா, அதோட ஆவி எங்க போய் உக்காரும்னு சொல்ல முடியாது, மெஷின் மோட்டார்ல ஒரு பொறி போதும். ஊறவச்ச பெல்ட்டைக் காயப்போட்டு மறுபடி தூசியும் மின்சாரமும் இருக்கற எடத்துல ஓட்டறதுன்னா நினைச்சுப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு. கம்பி பிரஷ்ஷும் வேணாம். அடைப்பை எடுக்கற சாக்குல மண்ணோட கூர்முனையை உடைச்சுடும், நீங்க சொல்ற பழைய மாதிரி வெட்டலங்கறது பாதி அதனாலதான் இருக்கும்.

முதல்ல பெல்ட் அடைச்சிருக்கா, மழுங்கியிருக்கான்னு பிரிச்சுப் பார்க்கணும், ரெண்டும் வேற. அடைச்ச பெல்ட்ல மண்ணுக்கு நடுவுல இருக்கற பள்ளம் மாவாலயும் பிசினாலயும் ரொம்பிப் போயிருக்கும், முனை நல்லாத்தான் இருக்கும், வெளிய தெரியாது அவ்வளவுதான். மழுங்கின பெல்ட்ல பள்ளம் காலியா இருக்கும், ஆனா லென்ஸ் வச்சு வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா ஒவ்வொரு மண்ணோட தலையும் தட்டையா பளபளன்னு மின்னும். லென்ஸ் இல்லன்னா பெல்ட்டோட ஓரத்துல, மரம் படாத எடத்துல ஒரு தடவை விரல் நகத்தை லேசா உரசுங்க, அப்புறம் நடுவுல உரசுங்க, வித்தியாசம் கைக்கே தெரியும் (மெஷினை நிறுத்திட்டு, பிளக்கையும் பிடுங்கிட்டு).

அடைச்சதுன்னா க்ரேப் ரப்பர் கட்டி இருக்கே, பெல்ட் சுத்தம் பண்றதுக்குன்னே விக்கறாங்க, அது போதும். மெஷினை ஓட விட்டு கட்டியை லேசா காட்டுங்க, அழுத்தாதீங்க, ரெண்டு மூணு தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தினா மாவெல்லாம் ரப்பரோட ஒட்டிக்கிட்டு வந்துடும். பழைய செருப்போட க்ரேப் அடியும் இதே வேலையைச் செய்யும், மஞ்சளா ஒட்டற மாதிரி இருக்குமே அந்த அசல் ரப்பர் அடிதான், இப்ப வர்ற பிளாஸ்டிக் மாதிரி அடி உருகி பெல்ட்டை இன்னும் கெடுக்கும். கட்டி சின்னதாயிட்டா தூக்கிப் போட்டுடுங்க, விரலுக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல ஒரு இன்ச் ரப்பர் மிச்சம் பிடிக்கறது சிக்கனம் இல்ல. இதை அடைச்சபிறகு பண்றதைவிட வேலை நடுவுல அஞ்சு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பண்றதுதான் சரி, ஏன்னா பிசின் சூட்டுல இளகி திரும்ப ஆறி கருப்பா பாறை மாதிரி ஆயிட்டா எந்த ரப்பரும் எடுக்காது.

தண்ணில கழுவறதைப் பத்தியும் சொல்லிடறேன், இன்னும் மூணு பேர் கேட்டிருக்காங்க. பேப்பர் பெல்ட்டை நனைச்சா அதோட கதை முடிஞ்சுது. பருத்தித் துணி பெல்ட்டும் நனைஞ்சா நெளியும், காஞ்சதும் ஒரு பக்கம் சுருண்டுக்கும், ரோலர்ல நேரா ஓடாது. ஈரத்துக்குன்னே செஞ்ச பாலியஸ்டர் பெல்ட்டை மட்டும் வெந்நீர்ல சோப்பு போட்டு ஊறவச்சு நைலான் பிரஷ்ல தேய்க்கலாம், அதுலயும் ஜாயின்ட் டேப் எப்படி இருக்குன்னு காஞ்சபிறகு வளைச்சுப் பார்க்காம மாட்டக்கூடாது. என் கணக்குல இவ்வளவு பாடு பெரிய விலை பெல்ட்டுக்குத்தான் தகும், சின்னதுக்கு நான் பண்றதில்ல.

மழுங்கினதுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. மழுங்கின பெல்ட்டை வச்சு ஓட்டறவங்க செய்யற தப்பு, வெட்டலயேன்னு இன்னும் அழுத்துவாங்க, அழுத்தினா சூடு, மரம் கருகும், அந்த சூடே ஜாயின்ட் பசையை இளக்கும், கடைசில பெல்ட்டும் போய் மரமும் போய், கருகின தடத்தை எடுக்க அதைவிட இன்னொரு பெல்ட் செலவாகும்.

கேள்வி: பெல்ட்டுக்குப் பின்னாடி அம்புக்குறி இருக்கே, அதை மாத்திப் போட்டா இன்னொரு பக்கம் புதுசா வெட்டும்னு சொல்றாங்களே நிஜமா?

பதில்: பாதி நிஜம். பழைய முறை ஜாயின்ட்ல ஒரு முனை மேல இன்னொரு முனை ஏறி உக்கார்ந்திருக்கும், அதைத் தலைகீழா ஓட்டினா மேல இருக்கற முனை மரத்துல மாட்டித் தூக்கும், பிஞ்சுக்கும். அந்த மாதிரி பெல்ட்டுக்கு அம்புக்குறிதான் சட்டம். இப்ப வர்றதுல நிறைய ரெண்டு முனையும் முட்டி நிக்க பின்னாடி டேப் போட்டது, அதுல அம்பு இருக்காது, இல்லன்னா ரெண்டு பக்கமும் அம்பு இருக்கும், அதை மட்டும் திருப்பிப் போடலாம். மண்ணோட இன்னொரு முகம் வெட்ட ஆரம்பிக்கும், கொஞ்ச நேரம் உயிர் வந்த மாதிரி இருக்கும், ரொம்ப எதிர்பார்க்காதீங்க.

கேள்வி: அப்பா காலத்துல வாங்கி வச்ச பெல்ட் ஒரு பெட்டி இருக்குங்க, பிரிக்கவே இல்ல, மண்ணு புத்தம்புதுசு. ஆனா மாட்டினா ரெண்டே நிமிஷத்துல ஜாயின்ட் விட்டுடுது, வரிசையா மூணு போச்சு. மறுபடி ஒட்டினா என்ன?

பதில்: மறுபடி ஒட்டறதுக்கு மேலயே பதில் சொல்லியாச்சுங்க. மண்ணுக்கு வயசாகாது, அதைப் பிடிச்சிருக்கற பிசினும் சீக்கிரம் கெடாது, டேப் பசைக்குத்தான் வயசு. வெக்கையும் ஈரமும் மாறி மாறிப் பட்டா இன்னும் சீக்கிரம். மூணு விட்டுச்சுன்னா மிச்சம் பெட்டியும் அப்படித்தான்னு வச்சுக்கோங்க, மெஷின்ல போடற ஆசையை விட்டுட்டு கைத்தேய்ப்புக்கு எடுத்துக்கோங்க, அதுக்கு அது பொக்கிஷம்.

ரொம்ப நாள் கிடந்த எந்த பெல்ட்டையும் மாட்டறதுக்கு முன்னாடி நான் பண்றது இதுதான், ஜாயின்ட்டுக்கு ரெண்டு பக்கமும் பிடிச்சு ரோலர் அளவுக்கு வளைச்சு வளைச்சு நிமித்துவேன், டேப்போட ஓரத்தை நகத்தால நிமிண்டுவேன், முறுக்கற சத்தம் வந்தாலோ ஓரம் தூக்கினாலோ மெஷினுக்கு இல்ல. தேறிச்சுன்னா மாட்டி, டிராக்கிங் (பெல்ட் ரோலர்ல பக்கவாட்டுல நழுவாம ஓடறது) சரி பண்ணி, மூடியைப் போட்டு, பெல்ட் ஓடற நேர்கோட்டுல நிக்காம பக்கவாட்டுல நின்னு ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுவேன். டக் டக் டக்னு ஒரே தாளத்துல சத்தம் வந்தா ஜாயின்ட் தூக்க ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம், உடனே நிறுத்திடணும். கிழிச்ச பெல்ட்டுக்கும் இதேதான்.

வைக்கற விதமும் இருக்கு. ஆணில மாட்டாதீங்க, தொங்கற எடத்துல மடிப்பு விழும், அந்த மடிப்புல மண்ணு உதிரும், நாளைக்கு அங்கதான் பிய்யும். ஒரு 4 இன்ச் பிவிசி பைப் துண்டை சுவத்துல அடிச்சு அதுல மாட்டுங்க. சிமென்ட் தரைல, வெளிச்சுவர் ஒட்டி, ஈரம் ஏறற எடத்துல வேணாம். சாயங்காலம் மெஷினை விட்டுப் போகும்போது டென்ஷன் லீவரைத் தளத்திட்டுப் போங்க, பெல்ட்டுக்கும் நல்லது ரோலர் ரப்பருக்கும் நல்லது.

கேள்வி: 3 இன்ச்சுக்கு 18 பெல்ட்டைக் கிழிச்சு ஃபைல் சேண்டருக்கு (அரம் மாதிரி ஒடுக்கமான கை பெல்ட் மெஷின்) அரை இன்ச் பெல்ட் பண்ணினேன், உங்க பழைய பதிலைப் படிச்சுட்டுத்தான். சில பெல்ட் அருமையா ஓடுது, சிலது நுனில ஜாயின்ட் விடுது. கிழிச்ச விதம் ஒண்ணுதான்.

பதில்: 75 மில்லி அகலத்துல 13 மில்லி வீதம் அஞ்சு கிடைக்கும், 457 நீளம் அப்படியே பொருந்தும், நல்ல யோசனைதான். நான் அப்ப சொல்லாம விட்டது துணி ரகம், என் தப்பு. ஃபைல் சேண்டர் நுனில இருக்கற ரோலர் விரல் மொத்தம்கூட இருக்காது, அதுல தடிப்பான எக்ஸ் துணி வளையும்போது ஜாயின்ட் ஒவ்வொரு தடவையும் ஒடியற மாதிரி ஆகுது. ஓடறது ஜே துணியா இருக்கும், விடறது எக்ஸா இருக்கும், பார்த்துச் சொல்லுங்க. ரெண்டு பெல்ட்டையும் விரலைச் சுத்தி வளைச்சா உடனே தெரிஞ்சிடும்.

கேள்வி: ஒரே மெஷின்ல உளி தீட்டறேன், மரமும் தேய்க்கறேன். பெல்ட் மட்டும் மாத்தினா போதும்தானே?

பதில்: போதாது. இரும்புப் பொறி டஸ்ட் பைக்குள்ள இருக்கற மரத்தூள்ல போய் விழுந்தா உடனே பத்திக்காது, உள்ளயே கனன்றுக்கிட்டு இருக்கும், நீங்க பட்டறையைப் பூட்டிட்டுப் போனபிறகு பத்தும். இரும்பு தேய்க்கறதுக்கு முன்னாடி பை, குழாய், மெஷின் உள்பக்கம் எல்லாம் காலி பண்ணணும், டஸ்ட் கலெக்டர் இணைப்பைக் கழட்டிடணும், முடிச்சதும் இரும்புத்தூளையும் துடைச்செடுத்துட்டுத்தான் மரம். அலுமினியத்தை அந்தப் பக்கமே கொண்டு வராதீங்க, அலுமினியத் தூளும் இரும்புப் பொறியும் சேர்ந்தா மரத்தூளைவிட மோசம். அதோட இரும்பு தேய்ச்ச பெல்ட்டை திரும்ப மரத்துக்கு எடுத்தா துகள் மரத்துல பதிஞ்சு, துவர்ப்பு உள்ள மரமா இருந்தா ஈரம் பட்டதும் நீலக்கருப்பா புள்ளி விழும், பாலிஷ் போட்டபிறகுதான் சில சமயம் தெரியும், அப்ப அழுதா ஆச்சு. இரும்புக்கு எடுத்த பெல்ட் பின்னாடி மார்க்கர்ல பெருசா எழுதிடுங்க.

மரத்தூளைப் பத்தி பேச்சு வந்ததால ஒண்ணு, அதைப் புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995லயே முதல் வகைல சேர்த்தாச்சு. துண்டைக் கட்டிக்கிட்டு தேய்க்கறதெல்லாம் மாஸ்க் ஆகாது. அதே மாதிரி பாதுகாப்புன்னு நினைச்சு பெல்ட் சேண்டர்ல கையுறை போடறாங்க, அதுவும் வேணாம், விரலைவிட கையுறை நுனிதான் சீக்கிரம் மாட்டும், மாட்டினா கையையும் சேர்த்து இழுக்கும். மேஜை மெஷின்ல தாங்கு பலகைக்கும் பெல்ட்டுக்கும் உள்ள சந்து ரெண்டு மில்லிக்கு மேல போகாம வச்சுக்கோங்க, கிழிச்ச பெல்ட் கொஞ்சம் ஒடுங்கியிருந்தா பக்கவாட்டுல சந்து பெருசாகும், அதையும் பாருங்க.

கேள்வி: அண்ணா, நான் மரப்பொம்மை செய்யறேன், கடைசல் வேலையும் உண்டு. சுத்தமா தேஞ்சு போன பெல்ட்டை வச்சு ஏதாவது பண்ண முடியுமா? தூக்கிப் போட மனசு வரல.

பதில்: தேஞ்ச பெல்ட்டுக்கு உங்க வேலையைவிட நல்ல எடம் கிடையாதும்மா. தேஞ்ச 80 நம்பர் ஏறக்குறைய 120 மாதிரி மெதுவா வெட்டும், ஆனா 120ன்னு நம்பி கடைசி தேய்ப்புக்கு எடுக்காதீங்க. புது 80ல மண்ணு சராசரி 200 மைக்ரான், 120ல 125 மைக்ரான், தேஞ்ச பெல்ட்ல அங்கங்க தேயாத பெரிய மண்ணு ஒண்ணு ரெண்டு தப்பிச்சு நிக்கும், அது ஆழமா ஒரு கீறல் போட்டுட்டுப் போயிடும். முதல் ரெண்டு சுத்து தேய்ப்புக்கு மட்டும் வச்சுக்கோங்க.

பொம்மையோட முனை மழுக்கறதுக்கு, பெல்ட்டை வெட்டி மரக்கட்டைல ஒட்டி ஒரு கைக்கட்டை, குச்சில ஒட்டி ஒரு அரம், உருண்டை கம்புல சுத்தி ஒட்டி குழிவுக்கு ஒண்ணு, இப்படி பத்து பண்ணி வச்சுக்கலாம். ஓரம்தான் எப்பவும் தேயாம இருக்கும், நடுவுல மட்டும்தானே மரம் படுது, அதனால ஓரத்துல ஒரு இன்ச்சைத் தனியா கிழிச்செடுத்தா அது கிட்டத்தட்ட புதுசு. உளி தீட்ட, இழைப்புளி அடியை சமப்படுத்த தடிப்பான கண்ணாடி மேல பிரிச்சு ஒட்டலாம்.

கடைசல்ல மெல்லிசா கிழிச்ச ஜே துணி ரொம்ப நல்லது, வளைவுக்கெல்லாம் போகும். ஆனா நீளமா விட்டுடாதீங்க, ஒரு சாண் போதும், ரெண்டு முனையையும் விரல் நுனில பிடிங்க, விரலைச் சுத்திக்காதீங்க, பொருளையும் முழுசா சுத்தி வளைக்காதீங்க. காகிதம்னா மாட்டினதும் கிழிஞ்சு நம்மளை விட்டுடும், பெல்ட் துணி கிழியாது. தேய்க்கற துண்டைப் பொம்மைக்கு அடிப்பக்கம் பிடிச்சுத் தேய்ங்க, மேல இல்ல, அப்ப மாட்டினாகூட கையை உள்ள இழுக்காம வெளிய தள்ளும்.

இதுக்கும் மேல தேஞ்சு, மண்ணு பேருக்குத்தான் மிச்சம்னு ஆயிட்டா, வேலைப்பலகை மேல வைக்கற ஜிக்குக்கு (வேலைத்துண்டைப் பிடிச்சு வைக்கற சட்டம்) அடில ஒட்டுங்க, மண்ணு பக்கம் கீழ பார்க்க. நழுவாது. என் பட்டறைல ஏணிக் காலுக்கு அடிலகூட அதுதான் இருக்கு.